வீடே பள்ளியாக: பொருநைக் கரையில் வீட்டுக் கல்வி

பிள்ளையைப் பள்ளியில் சேர்க்காமலோ, சேர்த்த பள்ளியிலிருந்து நிறுத்தியோ, அதன் படிப்பு முழுவதையும் பெற்றோரே பொறுப்பேற்று நடத்துவதுதான் வீட்டுக் கல்வி. மாலையில் டியூஷனுக்கு அனுப்புவதும், பள்ளி கொடுத்த வீட்டுப்பாடத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து முடித்துவைப்பதும் இதில் சேராது. கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய தமிழகப் பள்ளிகள் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறந்தன. அதுவரை பிள்ளைகள் வீட்டில் கைப்பேசித் திரையைப் பார்த்துப் படித்ததும் வீட்டுக் கல்வி அல்ல. பள்ளிப் பாடமே வேறு வழியாக வீட்டுக்குள் வந்தது, அவ்வளவுதான். வீட்டுக் கல்வியில் எதை, எப்போது, எந்த வேகத்தில் படிப்பது என்பதைக் குடும்பம் தீர்மானிக்கிறது. அந்த உரிமையைக் கையில் எடுத்ததும், நாளைக்கு ஒரு சான்றிதழ் வாங்கித் தர வேண்டிய கடமையும் குடும்பத்தின் தலையில் வந்து விழுகிறது.

பொருநை எனப்படும் தாமிரபரணியின் கரையில் பள்ளிக்கூடத்துக்குப் பஞ்சமில்லை. பாளையங்கோட்டைக்குத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்றே பெயர். தூய யோவான், தூய சவேரியார், சாராள் தக்கர் கல்லூரிகளும் அவற்றையொட்டிய பள்ளிகளும், காது கேளாதோருக்கும் பார்வையற்றோருக்கும் நூறாண்டு கடந்த தனிப் பள்ளிகளும் அந்த ஒரே ஊருக்குள் இருக்கின்றன. ஆற்றுக்கு மறுபக்கம் திருநெல்வேலி டவுனில், பாரதி படித்த இந்துக் கல்லூரிப் பள்ளி. அப்படியிருந்தும் சில குடும்பங்கள் வீட்டுக் கல்வியைப் பற்றி யோசிக்கின்றன. மதிப்பெண் நெருக்கடியில் பிள்ளையின் முகம் வாடுவதைக் காணப் பொறுக்காதவர்கள் உண்டு. வகுப்பின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாத பிள்ளையையோ, அந்த வேகம் போதாமல் சலித்துப்போன பிள்ளையையோ வைத்திருப்பவர்கள் உண்டு. நகர வேலையை விட்டு அம்பாசமுத்திரம், கடையம் பக்கம் வயலுக்குத் திரும்பியவர்கள் உண்டு. வித்தியாசமான பள்ளி ஒன்றைப் பற்றிய 'டோட்டோ-சான்' நூலைப் படித்துவிட்டு, பள்ளி என்பது இப்படியும் இருக்கலாமே என்று கேட்கத் தொடங்கியவர்களும் உண்டு.

இந்தப் பகுதியில் வழக்கமான பள்ளி அமைப்புக்கு வெளியே நடந்த முயற்சிகளில் அதிகம் பேசப்பட்டது தென்காசிப் பக்கத்தில்தான். மத்தளம்பாறையில் ஜோஹோ மென்பொருள் நிறுவனத்தின் அலுவலகத்தை அமைத்த ஸ்ரீதர் வேம்பு, 2020 ஊரடங்கில் கிராமத்துப் பிள்ளைகள் சிலரை உட்காரவைத்துப் பாடம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். அது வளர்ந்து, கடையத்தை அடுத்த கோவிந்தப்பேரியில் கலைவாணி கல்வி மையம் ஆனது. இதை வீட்டுக் கல்வி என்று சொல்ல முடியாது. ஆனாலும், சிறு குழுவாகப் பிள்ளைகளைச் சேர்த்து, வயதையும் வகுப்பையும் முடிச்சுப் போடாமல் சொல்லிக்கொடுக்க முடியும் என்பதை இந்த வட்டாரத்து மக்கள் கண்ணெதிரே பார்த்தார்கள்.

வீட்டில் படிப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதும் அல்ல. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் மாகாணம் முழுவதும் கல்விக் கணக்கெடுப்பு ஒன்றுக்கு உத்தரவிட்டார். திருநெல்வேலிக் கலெக்டர் அனுப்பிய பட்டியலில் 607 பள்ளிகள் இருந்தன. பெரும்பாலும் திண்ணைப் பள்ளிகள். சென்னைக் கலெக்டரின் அறிக்கையில் இன்னொரு கணக்கும் இருந்தது: நகரத்தில் பள்ளிக்குப் போகாமல் வீட்டிலேயே படித்த பிள்ளைகள் 26,000 பேருக்கு மேல், பள்ளியில் படித்தவர்களைப் போலப் பல மடங்கு. அந்த எண் மிகையாக இருக்கலாம் என்று மன்றோவே ஐயப்பட்டார். ஆனாலும் 1826இல் எழுதிய குறிப்பில், வீட்டில் படித்தவர்களையும் சேர்த்தால் பள்ளி வயது ஆண்பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் கல்வி பெறுவதாகக் கணித்தார். உறவினரோ தனி வாத்தியாரோ வீட்டுக்குள்ளேயே சொல்லிக்கொடுப்பது அன்று சாதாரண வழக்கம். அந்த வாய்ப்பு யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. பெண்பிள்ளைகளிலும் ஒடுக்கப்பட்ட சாதிகளிலும் மிகச் சிலரே எழுத்தைத் தொட்டார்கள். எல்லார் வீட்டுப் பிள்ளைக்கும் கதவைத் திறந்தது பொதுப் பள்ளிதான். வீட்டுக் கல்வியை ஆதரித்துப் பேசும் எவரும் இந்த உண்மையை மனத்தில் இருத்திக்கொண்டே பேச வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஆறு முதல் பதினான்கு வயது வரையிலான எல்லாக் குழந்தைகளுக்கும் கல்வி அடிப்படை உரிமை என்று அரசமைப்பின் 21ஏ பிரிவு சொல்கிறது. அதைச் செயல்படுத்தும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பிள்ளையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது அதன் 10ஆம் பிரிவு. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் அந்தச் சட்டம் விதிக்கவில்லை. பின்னால் பார்க்கப்போகும் ஒரு பிரிவினருக்குத் தவிர, வீட்டுக் கல்வி என்ற ஏற்பாட்டைப் பற்றியும் அதில் பேச்சில்லை. இந்த விவகாரம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனபோது, விரும்பி வீட்டில் படிப்பிப்பதைச் சட்டம் தடுக்கவில்லை என்று மத்திய அரசு முதலில் தெரிவித்தது. பிறகு அந்த நிலையிலிருந்து பின்வாங்கியது. ஆக, அந்தப் பிரிவினருக்கு வெளியே இந்தியாவில் வீட்டுக் கல்வி வெளிப்படையாக அனுமதிக்கப்படவும் இல்லை, குற்றமாக்கப்படவும் இல்லை. இங்கிலாந்தில் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பள்ளியிலோ வேறு வகையிலோ பிள்ளைக்குக் கல்வி தரலாம் என்று நேரடியாகவே சொல்கிறது. ஜெர்மனியில் இதற்கு ஏறத்தாழ முழுத் தடை. நம் நாட்டில் எழுத்தில் இல்லாத இடைவெளி ஒன்றில் பெற்றோர் நின்றுகொண்டிருக்கிறார்கள்.

அந்த இடைவெளி நடைமுறையில் எப்படித் தெரியும்? தமிழ்நாட்டில் பள்ளியில் சேர்ந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் 'எமிஸ்' என்ற கல்வித் தகவல் தளத்தில் ஒரு எண் உண்டு. மாற்றுச் சான்றிதழ் வாங்கி வெளியேறும் பிள்ளையின் பெயர் பொதுத் தொகுப்புக்குப் போகும். வேறு எந்தப் பள்ளியும் எடுத்துக்கொள்ளாவிட்டால் அங்கேயே நிற்கும். ஆண்டுதோறும் நடக்கும் பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பில், ஆசிரியப் பயிற்றுநர் அந்தப் பெயரைத் தேடி வாசலுக்கு வருவார். அவர் வருவதைத் தொந்தரவாக நினைப்பது தவறு. முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் வட்டாரங்களில் வீடுவீடாகப் பீடி சுற்றும் தொழில் பல தலைமுறைகளாக நடக்கிறது. முறத்தில் இலையும் தூளும் வைத்துக்கொண்டு அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துவர அரசும் ஆசிரியர்களும் நெடுங்காலம் பாடுபட்டிருக்கிறார்கள். வயதுக்கு வந்த பெண்ணை 'வீட்டிலேயே படிக்கட்டும்' என்று நிறுத்திவைக்கும் வழக்கமும் முற்றாகப் போய்விடவில்லை. வாசலுக்கு வந்தவர் கேட்கும் கேள்வி அந்தப் பிள்ளைகளுக்காகவே கேட்கப்படுகிறது. பிள்ளையின் நோட்டுகளை எடுத்துக் காட்டி, என்ன படிக்கிறாள், எந்தத் தேர்வை எழுதப்போகிறாள் என்று பொறுமையாகச் சொல்லும் வீட்டுக்குப் பெரிதாகச் சிக்கல் எழ வேண்டியதில்லை. காட்ட எதுவும் இல்லாத வீட்டில் நடப்பதை வீட்டுக் கல்வி என்று சொல்லவும் முடியாது.

எந்தக் கதவுகள் மூடும்?

பள்ளியை விட்டு நிறுத்துமுன் பலரும் விசாரிக்காத சங்கதி ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் பள்ளிப் படிப்போடு, குறிப்பாக அரசுப் பள்ளிப் படிப்போடு, பல உரிமைகள் பிணைந்திருக்கின்றன. ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. அடுத்த ஆண்டு பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் ஆகியவற்றுக்கும் அது விரிந்தது. உயர்கல்விக்குப் போகும் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில். இவை இரண்டும் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கும், அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் உரியவை. மாநில அரசுப் பணிகளில் தமிழ்வழிக் கல்விக்கு இருக்கும் 20 விழுக்காடு முன்னுரிமைக்குப் படித்த பள்ளியின் சான்று வேண்டும். காலை உணவும் மதிய உணவும் சீருடையும் பாடநூலும் சைக்கிளும் இருக்கவே இருக்கின்றன. மாதச் சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் குடும்பத்துக்கு இவையெல்லாம் சில்லறைக் கணக்கு அல்ல. பக்கத்தில் நல்ல அரசுப் பள்ளி இருந்து, பிள்ளையும் அங்கே மகிழ்ச்சியாக இருந்தால், வெறும் கொள்கைக்காக மட்டும் அதை விட்டு நிறுத்துவது பிள்ளைக்குச் செய்யும் நன்மை ஆகாது.

இன்னொரு செலவு கணக்கில் ஏறாமலே போய்விடும். அது பெரியவர்களின் நேரம். வீட்டுக் கல்வி என்று பேச்சு எழுந்தவுடன் வேலையை விடுவது பெரும்பாலும் அம்மாவாகத்தான் இருக்கிறது. சமையலும் முதியோர் பராமரிப்பும் ஏற்கெனவே அவள் தலையில் இருக்க, ஒரு பள்ளிக்கூடத்தையும் அவளே நடத்த வேண்டும் என்றால் ஆறு மாதத்தில் சலிப்பு வந்துவிடும். அப்பா எந்தப் பாடத்தை எந்த நாளில் எடுப்பார், தாத்தா ஆச்சியிடம் எது போகும், எந்த நாள் அம்மாவுக்கு ஓய்வு என்பதை முதலிலேயே பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும்.

சான்றிதழ் எங்கிருந்து வரும்?

வீட்டில் எவ்வளவு நன்றாகப் படித்தாலும் பத்தாம் வகுப்பு என்ற வாசலைத் தாண்டியே ஆக வேண்டும். அதற்கான பாதையை ஏழெட்டு வயதிலேயே தெரிந்துவைத்துக்கொண்டால், மற்ற ஆண்டுகளைப் பதற்றமில்லாமல் கழிக்கலாம்.

பெரும்பாலோர் நாடுவது 1989இல் மத்திய அரசு அமைத்த தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தை, சுருக்கமாக என்.ஐ.ஓ.எஸ். பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வுக்கு 14 வயது நிறைந்திருக்க வேண்டும். முன்பு எந்தப் பள்ளியில் படித்தோம் என்று காட்டியாக வேண்டிய கட்டாயம் இல்லை. படிக்கத் தகுதி உண்டு என்று தானே எழுதிக்கொடுக்கும் உறுதிமொழி போதும். ஐந்து பாடங்கள் எடுக்க வேண்டும். அதில் ஒரு மொழியாவது இருக்க வேண்டும். தமிழ்வழியிலும் எழுதலாம். ஐந்தையும் ஒரே தடவையில் எழுத வேண்டியதில்லை. ஒருமுறை பதிவு செய்தால் ஐந்து ஆண்டுகள் செல்லும்; அதற்குள் ஒன்பது வாய்ப்புகள் கிடைக்கும். ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர் என்று ஆண்டுக்கு இரண்டு பொதுத் தேர்வுகள். கணக்கில் தடுமாறும் பிள்ளை, அந்தப் பாடத்தை மட்டும் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைத்துவிட்டு மற்ற நான்கையும் நிம்மதியாக முடிக்கலாம். இந்த ஏற்பாட்டின் பெரிய நன்மை இதுதான். பத்தை முடித்தவர்கள் பன்னிரண்டுக்கு இணையான தேர்வையும் அங்கேயே எழுதலாம். திறந்தநிலைப் பள்ளியில் பயின்றவர்கள் நீட் எழுதலாமா என்று நெடுங்காலம் நடந்த வழக்கு, 2024இல் உச்ச நீதிமன்றத்தில் அவர்களுக்குச் சாதகமாக முடிந்தது. மாநில அரசுப் பணியைக் குறிவைக்கும் குடும்பம், சான்றிதழின் இணைத்தன்மை பற்றிய நடப்பு அரசாணையைத் தேடிப் படித்துவிட்டு இந்த வழியைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

மாநிலப் பாடத்திட்டத்தை விரும்புவோருக்குத் தனித்தேர்வர் வழி இருக்கிறது. அரசுத் தேர்வுகள் இயக்ககம் எட்டாம் வகுப்புக்குத் தனித்தேர்வு நடத்துகிறது. பன்னிரண்டரை வயது நிறைந்த யாரும் எழுதலாம். அதில் தேர்ந்தவர்கள் பிறகு பத்தாம் வகுப்பையும் தனித்தேர்வராக எழுத முடியும். அறிவியலில் 25 மதிப்பெண் செய்முறைக்கு உரியது. அதற்கான பயிற்சிக்கு மாவட்டக் கல்வி அலுவலகம் அறிவிக்கும் நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். நாளிதழின் உள்பக்கத்தில் வரும் அந்தச் சிறு அறிவிப்பைக் கவனிக்காமல் ஓர் ஆண்டை இழப்பவர்கள் உண்டு. பாடநூல்கள் மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி நிறுவனம் தயாரித்தவை. எல்லா வகுப்புக்கும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 2018 முதல் வந்த புதிய நூல்களின் பக்கங்களில் உள்ள க்யூஆர் கட்டத்தைக் கைப்பேசியில் காட்டினால் பாடக் காணொளி திறக்கும். வெளிநாட்டுப் படிப்பை எண்ணுவோர் கேம்பிரிட்ஜின் ஐஜிசிஎஸ்இ தேர்வையும் தனித்தேர்வராக எழுதலாம். செலவு மிக அதிகம். தேர்வு மையங்களும் பெருநகரங்களில்தான்.

எந்த வழியானாலும் பிறப்புச் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்றிதழ் மூன்றிலும் பெயரும் எழுத்தும் பிறந்த தேதியும் ஒன்றுபோல இருக்க வேண்டும். பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு இந்தப் பிழைகளை ஆசிரியர் கண்டுபிடித்துச் சொல்வார். வீட்டில் படிக்கும் பிள்ளைக்குத் தேர்வு விண்ணப்பம் திருப்பி அனுப்பப்படும்போதுதான் தெரியவரும்.

முதல் சில மாதங்கள்

பள்ளியிலிருந்து விலகிய பிள்ளை முதல் வாரத்தில் விளையாடித் தீர்க்கும். அடுத்தடுத்த வாரங்களில் ஒன்றும் செய்யாமல் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கும். பெற்றோருக்கு வயிற்றைக் கலக்கும் காலம் இதுதான். பக்கத்து வீட்டுப் பிள்ளை பெருக்கல் வாய்ப்பாடு ஒப்பிக்கும் சத்தம் அன்றைக்குத்தான் காதில் பலமாக விழும். பிள்ளைகள் கற்கும் விதத்தைப் பற்றி நிறைய எழுதியவர் அமெரிக்கக் கல்வியாளர் ஜான் ஹோல்ட். வகுப்பறையில் பிள்ளைகள் ஏன் தோற்கிறார்கள் என்று 1964இல் ஆராய்ந்த அவர், பிற்காலத்தில் வீட்டுக் கல்வி இயக்கத்தின் முன்னோடியாக ஆனார். மணி அடித்தால்தான் படிக்க வேண்டும் என்று பழகிய மனம், மணி இல்லாமல் படிக்கப் பழகச் சில மாதங்கள் ஆகும் என்பது வீட்டுக் கல்வியாளர்கள் ஒன்றுபோலச் சொல்லும் அனுபவம். அந்த இடைவெளியில் பாடநூலைத் திணிக்காமல் கதை வாசித்துக் காட்டுவதும், சந்தைக்கும் வயலுக்கும் கூட்டிப்போவதும் போதும்.

பள்ளிபோல் காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை அட்டவணை போடுவது புதிதாகத் தொடங்குவோர் செய்யும் பொதுவான தவறு. நாற்பது பேருக்குச் சொல்லித்தர ஆகும் நேரம் ஒருவருக்கு ஆகாது. பத்து வயதுக்குக் கீழுள்ள பிள்ளைக்குக் காலையில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து படித்தால் நிறைவாகவே இருக்கும். மிச்ச நேரம் வேலையும் விளையாட்டும் புத்தகமும். வளர வளர, தானே உட்கார்ந்து படிக்கும் நேரம் கூட வேண்டும்.

முதலில் ஊன்ற வேண்டியது தமிழ் வாசிப்பு. நெல்லைப் பிள்ளையின் பேச்சுத் தமிழுக்கும் புத்தகத் தமிழுக்கும் தூரம் அதிகம். தினமும் இரவில் பெரியவர் ஒருவர் புத்தகத்தைச் சத்தமாக வாசிக்க, பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து எழுத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டால், அந்தத் தூரம் தானாகக் குறையும். கி. ராஜநாராயணன் தொகுத்த நாட்டுப்புறக் கதைகளில் சிறுவருக்கு ஏற்றவை பல உண்டு. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987 முதல் நடத்திவரும் 'துளிர்' இதழில் பிள்ளை தானே வாசிக்கக்கூடிய கட்டுரைகள் வருகின்றன. தமிழில் சரளமாக வாசிக்கும் பிள்ளைக்கு ஆங்கிலம் பிறகு சீக்கிரம் பிடிபடும். தமிழை அரைகுறையாகத் தொட்டுவிட்டு ஆங்கிலத்துக்கு அவசரப்படுவதுதான் பல வீடுகளில் நேர்கிறது.

கணக்குக்குத் தாமிரபரணிப் பள்ளத்தாக்கே நல்ல பாடநூல். பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகளின் நீர்மட்டம் நாளிதழில் தினமும் வரும். முழுக் கொள்ளளவில் பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி. சதுரக் கட்டம் போட்ட நோட்டில் ஒன்பது வயதுப் பிள்ளை நாளுக்கொரு புள்ளி வைத்துக்கொண்டே வந்தால், ஓர் ஆண்டில் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டு மேடுகளாகத் தாளில் எழும். கார், பிசானம் ஆகிய நெல் பருவங்களுக்குத் தண்ணீர் திறந்ததும் கோடு இறங்கும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அடுத்த படி: விநாடிக்கு 1,000 கன அடி திறக்கிறார்கள் என்றால் ஒரு நாளில் எவ்வளவு? ஒரு நாளுக்கு 86,400 விநாடி. எனவே 8 கோடியே 64 லட்சம் கன அடி. அந்த எண்ணை ஒருமுறை தன் கையால் பெருக்கிப் பார்த்த பிள்ளைக்குக் கோடி என்பது இனி வெறும் சொல்லாக இருக்காது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பதிவானது, ஓராண்டுக்கு அங்கே பெய்யக்கூடிய சராசரியைவிட அது கூடுதல். சராசரி என்றால் என்ன, அது எதைச் சொல்லாமல் விட்டுவிடும் என்று விளக்க அதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கடினம்.

புவியியலும் இதே ஆற்றில்தான் தொடங்கும். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் கலக்கும்வரை தாமிரபரணி ஓடும் தூரம் ஏறக்குறைய 125 கிலோமீட்டர். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று எட்டு அணைக்கட்டுகள். பாபநாசத்தில் தொடங்கி ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்து, எந்தக் கால்வாய் எந்தக் கரையில் பிரிகிறது, சிற்றாறு சீவலப்பேரியில் எப்படி வந்து சேர்கிறது என்று வரைபடம் வரைந்தால், ஓர் ஆறு மலையில் தொடங்கிக் கடலில் முடிவதை முழுதாகப் பார்த்த பிள்ளையாகிவிடும். பெரிய நதிகளின் கரையில் வாழும் பிள்ளைகளுக்குக் கிடைக்காத வாய்ப்பு இது.

அறிவியலுக்குக் கொக்கிரகுளத்தில் ஆற்றங்கரையிலேயே மாவட்ட அறிவியல் மையம் 1987 முதல் இயங்குகிறது. மணிமுத்தாற்றில் உள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் 2011 முதல் ஜனவரிதோறும் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பை நடத்துகிறது. பயிற்சி பெற்ற தன்னார்வலர்களோடு குளக்கரையில் நின்று பறவைகளை எண்ணும் பிள்ளை, உற்றுப் பார்ப்பது, எண்ணுவது, சந்தேகம் வந்தால் மறுபடி பார்ப்பது என்ற அறிவியலின் அடிப்படைப் பழக்கங்களை அங்கேயே பெற்றுக்கொள்ளும். கூந்தன்குளத்தில் ஊருக்குள் மரங்களிலேயே கூடு கட்டும் பறவைகளையும், அவற்றைத் தொந்தரவு செய்யாமல் வாழும் மக்களையும் ஒருசேரப் பார்க்கலாம்.

வரலாற்றுக்கு ஆதிச்சநல்லூர் இருக்கிறது. 1876இல் ஜெர்மானியரான யாகோர் தோண்டிய அந்த மேட்டில், பிறகு அலெக்சாண்டர் ரியா விரிவாக அகழாய்வு செய்தார். 2004–05இல் தொல்லியல் துறை மீண்டும் தோண்டியது. இப்போது குழியின் மேல் கண்ணாடி பதித்து, தாழிகளை அவை கிடந்த இடத்திலேயே பார்க்கும்படி செய்திருக்கிறார்கள். சிவகளைத் தாழி ஒன்றில் கிடைத்த நெல் உமியின் காலம் கி.மு. 1155 என்று ஆய்வகம் கணித்தது 2021இல் அறிவிக்கப்பட்டது. உமியின் வயதை எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்ற கேள்வி பிள்ளையை வரலாற்றிலிருந்து வேதியியலுக்குக் கூட்டிப்போகும். பாடங்களுக்கு நடுவே சுவர் இல்லை என்பது வீட்டில் படிக்கும்போது நன்றாகவே தெரியும்.

கைவேலையையும் பாடமாகவே எண்ண வேண்டும். பத்தமடையில் கோரைப் புல்லைக் கத்தியால் இழை இழையாகக் கிழித்து, ஆற்று நீரில் பல நாள் ஊறப்போட்டு, சாயமேற்றி நெய்கிறார்கள். பாவு நூலின் எண்ணிக்கை கூடக் கூடப் பாய் மெலிதாகும். நூறைத் தாண்டிய பட்டுப் பாயைத் துணிபோல மடிக்கலாம். தறியின் முன் ஒரு நாள் உட்கார்ந்து, ஒரு விரற்கடை நெய்ய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்த பிள்ளை, உழைப்புக்கும் விலைக்கும் உள்ள கணக்கைத் தானே கேட்கும். காருகுறிச்சியின் மண்பாண்டச் சூளைக்கும் கல்லிடைக்குறிச்சியின் அப்பளக் களத்துக்கும் இதே காரணத்துக்காகப் போகலாம்.

கூட்டாளிகள் இல்லாமல் எப்படி?

வீட்டுக் கல்வியைப் பற்றிச் சொந்தக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி இது, நியாயமான கேள்வியும்கூட. பள்ளியில் பல சாதி, பல மதம், பல வசதிநிலைப் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்காரும் அனுபவத்தை எந்த வீடும் தானாகத் தந்துவிட முடியாது. சாதிப் பிரிவினை பள்ளி மாணவரின் மணிக்கட்டுக் கயிறுவரை வந்து நிற்கும் திருநெல்வேலி மாவட்டத்தில், வீட்டுக்குள் வளரும் பிள்ளை தன் தெருவை மட்டுமே உலகமாக எண்ணிவிடாமல் பார்த்துக்கொள்வது பெற்றோரின் முக்கியமான வேலை. பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்தின் சிறுவர் பகுதி, அண்ணா விளையாட்டரங்கில் நடக்கும் பயிற்சிகள், அறிவியல் இயக்கத்தின் முகாம்கள் எல்லாவற்றிலும் பல தரப்புப் பிள்ளைகள் சேருவார்கள். தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் 10 முதல் 17 வயது வரை, பள்ளிக்குப் போகாத பிள்ளைகளும் சேர்ந்து ஆய்வு செய்து கலந்துகொள்ளலாம். வாரத்தில் மூன்று நான்கு மாலைகளாவது பிற பிள்ளைகளோடு கழிய வேண்டும் என்று வைத்துக்கொண்டால் குறை பெரிதும் தீரும்.

மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளின் நிலை வேறு. வீட்டுக் கல்வியைச் சட்டமே உரிமையாக்கியிருப்பது அவர்களில் ஒரு பிரிவினருக்கு மட்டும். கல்வி உரிமைச் சட்டத்தில் 2012இல் செய்த திருத்தம், கடுமையான அல்லது பல்வகை மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகள் விரும்பினால் வீடு சார்ந்த கல்வியைத் தேர்ந்தெடுக்கலாம் என்கிறது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் சிறப்பு ஆசிரியர்களும் இயன்முறை மருத்துவர்களும் அத்தகைய பிள்ளைகளின் வீடுகளுக்கே போகிறார்கள். வட்டார வள மையத்தில் பெயரைப் பதிய வேண்டும். தென்காசி அருகே ஆய்க்குடியில் எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம், குழந்தைப் பருவத்திலேயே குறைபாட்டைக் கண்டறிந்து கிராமங்களுக்குப் போய்ப் பயிற்சி தரும் பணியை இந்த வட்டாரம் முழுக்கச் செய்துவருகிறது. இப்படிப்பட்ட பிள்ளையைத் தனியாக வைத்துக்கொண்டு திணறும் பெற்றோர், துணை இவ்வளவு பக்கத்தில் இருப்பது தெரியாமலே ஆண்டுகளைக் கடத்திவிடுகிறார்கள்.

மீண்டும் பள்ளிக்குப் போக வேண்டியிருந்தால்

குடும்பச் சூழல் மாறலாம். பிள்ளையே பள்ளிக்குப் போக ஆசைப்படலாம். எட்டாம் வகுப்பு வரை இதற்குத் தடையில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, பள்ளியில் சேராத பிள்ளையை அதன் வயதுக்குரிய வகுப்பில் சேர்க்கவும், மற்றவர்களுக்கு ஈடாக வரத் தேவையான சிறப்புப் பயிற்சி தரவும் சொல்கிறது. வயதுச் சான்று இல்லை என்றோ, சேர்க்கைக் காலம் முடிந்துவிட்டது என்றோ அனுப்பிவிடக் கூடாது என்று 14, 15ஆம் பிரிவுகள் சொல்கின்றன. பழைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழும் எமிஸ் எண்ணும் பத்திரமாக இருந்தால், பொதுத் தொகுப்பிலிருந்து புதிய பள்ளி அந்தப் பெயரை எடுத்துக்கொள்வது சில நிமிட வேலை. ஒன்பதாம் வகுப்பிலிருந்து நிலைமை கடினமாகும். அப்போது எட்டாம் வகுப்புத் தனித்தேர்வில் தேறிய சான்றிதழும், ஆண்டுவாரியாகத் தேதியிட்டுச் சேர்த்துவைத்த நோட்டுகளும், பிள்ளை வாசித்த புத்தகங்களின் பட்டியலும் தலைமை ஆசிரியரின் மேசைமேல் வைக்கக் கையில் இருக்க வேண்டும். ஜூன் முதல் வாரக் கூட்டத்தில் போய் நிற்பதைவிட ஏப்ரல் கடைசியிலேயே போய்ப் பேசுவது நல்லது. பிள்ளைக்கு எந்தப் பாடத்தில் உதவி வேண்டும் என்று விசாரிக்க அவருக்கும் அப்போதுதான் நேரம் இருக்கும். கோடை விடுமுறையில் அந்தப் பாடத்தைச் சரிசெய்யப் பெற்றோருக்கும் அவகாசம் கிடைக்கும்.